பின்னணியில் இரைச்சல்

டேப் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டு காதையும் ஹெட்போன் அடைத்திருக்கிறது, உள்ளே ஓர் ஆண்குரல் மருந்து வந்துருச்சாண்ணே என்று கேட்கிறது, அந்தக் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம், பக்கத்து அறையில் யாரோ கனமான மரப்பெட்டியைத் தரையோடு இழுப்பதுபோல, இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி இழுப்பதுபோல, நான் பொத்தானை அமுக்கிப் பின்னால் ஓட்டுகிறேன், மறுபடி கேட்கிறேன், பெட்டி இழுபடுகிறது, மதியம் மூன்று மணி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில், எனக்கு முப்பத்தெட்டு வயது, போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்கும் பிரிவில் மொழிபெயர்ப்பாளர், கடற்கரைக்காரர்கள் தொலைபேசியில் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிந்த டேப்புகள் வரும், அவற்றைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தருவதுதான் என் வேலை, பேசுகிற முகம் எதையும் நான் பார்த்ததில்லை, குரல்களை மட்டும் தெரியும், எந்தக் குரலுக்குச் சளி, எந்தக் குரல் பொய் சொல்லும்போது மெலியும், எல்லாம் தெரியும், இந்தக் குரல் ததேயுவினுடையது, முனையன்வலசைக்காரன், சொந்தமாக ஒரு வள்ளம், மறுமுனையில் பேசுகிறவனுக்குப் பெயர் கிடையாது, அண்ணே மட்டும்தான், வரும்டா, பொறு, என்கிறான் அந்த அண்ணன், இவன் விடவில்லை, போன தடவ குடுத்தது வேகமே இல்லண்ணே, இந்தத் தடவ நல்ல வேகமா இருக்கணும், சரிடா, மாதாகோயில் கொடியேத்தத்துக்கு முன்னாடி வேணும்ணே, ஊரு சனம் பூரா கொடிமரத்தடியிலதான் நிக்கும், அரை மணி நேரம் போதும்ணே எனக்கு. பெட்டி இழுபடுகிறது. டேப் முடிகிறது.

அக்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், வடக்கே எங்கிருந்தோ லாரியில் இறங்கும் பழுப்புத் தூள் எங்கள் கரை வழியாகக் கடல் கடக்கும், அதை விற்ற காசு துப்பாக்கியாகத் திரும்பி வரும் என்று சொல்வார்கள், பொய்யென்று சொல்ல மாட்டேன், வந்தது, அதனால் எங்கள் அலுவலகத்தில் தூள் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெடிச்சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள், டிஎஸ்பி கோமதிநாயகம் என் மேசைக்கு வந்து காகிதத்தை எடுத்துப் பார்க்கிறார், மருந்துக்கு என்னம்மா போட்டிருக்கீங்க, நோய்க்குச் சாப்பிடற மருந்துன்னா எழுதியிருக்கீங்க, ஆமா சார், ஏம்மா, கடத்தல்காரன்ட்ட ஃபோன் போட்டு இருமல் மருந்தா கேப்பான், தூளாவும் இருக்கலாம் சார், தூளுக்கு அவங்க சரக்குன்னுதானே சொல்வாங்க, நீங்களே முப்பது டேப்புல அப்படித்தான எழுதியிருக்கீங்க, அது உண்மைதான், ததேயுவும் மற்ற நாட்களில் சரக்கு என்றுதான் சொன்னான், வேகம் இல்லேங்கறான், சனம் பூரா நிக்கும்ங்கறான், அரை மணி நேரம் போதும்ங்கறான், இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு, நாளைக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா உங்களால தாங்க முடியுமா. அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை, உண்மையாகவே பயந்திருந்தார், அந்தப் பயம் என் கைக்கும் வந்தது, நோய் மருந்தை அடித்துவிட்டு வெடிமருந்துக்கான ஆங்கிலச் சொல்லை எழுதினேன், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது, நான் பொய் எழுதவில்லை, இரண்டில் ஒன்றை எடுத்தேன், அவ்வளவுதான், அந்தச் சத்தம் என்னம்மா என்று கேட்டார், தெரியலை சார் என்றேன், அப்ப இரைச்சல்னு போட்டுருங்க, அடைப்புக்குறிக்குள் எழுதினேன், பின்னணியில் இரைச்சல்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் ததேயுவைப் பிடித்தார்கள், மோப்ப நாய் மாதாகோயிலுக்குள் போனது, திருவிழா நின்றது, செய்தித்தாள்களில் முதல் பக்கம், வெடி எதுவும் கிடைக்கவில்லை, அரிசித் தகரத்துக்குள் ஒரு சின்னப் பொட்டலம் பழுப்புத் தூள் மட்டும் கிடைத்தது, வெடியை எங்கேயோ ஒளித்துவிட்டான் என்றார்கள், தூள் இருக்கிறது, டேப் இருக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டால் போதும், போதைப்பொருள் வழக்கு ஒன்று, பயங்கரவாத வழக்கு ஒன்று, முடிச்சு நான் எழுதிய சொல். நீதிமன்றத்தில்தான் முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தேன், குரலைவிட வயதான முகம், எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கேட்கிறார், மருந்து என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டா இல்லையா, உண்டு, ஆனால் பேச்சின் போக்கை வைத்துப் பார்த்தால் இதுதான் பொருந்தும், அந்தப் போக்கு என்ற சொல்லை முந்தின நாள் கோமதிநாயகம் எனக்குச் சொல்லித் தந்திருந்தார், அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரு கத்தல், யம்மா, அது எம் பொண்டாட்டிக்கி வச்சிருந்த மருந்தும்மா, அவ கத்துறது அதுல கேக்கலயா ஒங்களுக்கு, நீதிபதி அமைதி என்கிறார், காவலர்கள் அவன் தோளை அமுக்குகிறார்கள், நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருக்கிறேன், நான்காக மடித்து, எட்டாக மடித்து, கேட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவன் பிடிபட்ட நாற்பது நாளிலேயே அவன் மனைவி கித்தேரி இறந்துபோயிருந்தாள், வயது முப்பத்து நான்கு, மார்பில் தொடங்கி எலும்புக்கு இறங்கிய புற்று, அடக்கத்துக்குப் போக அவன் கொடுத்த மனு என் மேசையைத் தாண்டித்தான் போனது, அதிலிருந்துதான் எனக்கு அவள் பெயர் தெரியும், மனுவைத் தள்ளுபடி செய்த உத்தரவும் அதே மேசையைத் தாண்டித்தான் போனது.

பிறகு எட்டு வருஷம், நான் டேப்புகளைக் கேட்டேன், குறுந்தகடுகளைக் கேட்டேன், வேலையை விட்டேன், என் தங்கை வசுமதிக்கு இடுப்பெலும்பில் கட்டி என்றார்கள், என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ஒருநாள் காலை சமையலறையில் நிற்கிறேன், அடுப்பில் பால், பக்கத்து அறையில் யாரோ மரப்பெட்டியை இழுக்கிறார்கள், இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி இழுக்கிறார்கள், எந்தப் பெட்டி, அந்த அறையில் பெட்டியே கிடையாதே, வசுமதிதான் படுத்திருக்கிறாள், பால் பொங்கி வழிகிறது, நான் அசையாமல் நிற்கிறேன், அது தொண்டையிலிருந்து வருகிற சத்தம், அழுகைக்கும் கத்தலுக்கும் தெம்பில்லாதவர்கள் எழுப்புகிற சத்தம், எனக்குப் பழக்கமான சத்தம், பத்துத் தடவை பின்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டிக் கேட்டு நான் பெயர் வைத்த சத்தம். அக்கா, என்கிறாள் வசுமதி, என்னால முடியல, யாரையாவது கூப்பிடுக்கா. வலித்தணிப்புக்கென்று வீட்டுக்கு வருகிற டாக்டர் ஒருத்தி, மெஹ்ருன்னிசா என்று பெயர், சின்னப்பெண், பையிலிருந்து வெள்ளை மாத்திரைப் பட்டை ஒன்றை எடுக்கிறாள், மார்பின்க்கா, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, பயப்படாதீங்க, அது போதைப்பொருளாச்சே டாக்டர், என் வாய் பழைய அலுவலகத்தின் வாயாகத்தான் பேசுகிறது, அவள் சிரிக்கவில்லை, வலி இருக்கறவங்களுக்கு அது மருந்துக்கா, முன்னாடியெல்லாம் இத வாங்கி வைக்கணும்னா அத்தனை ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும், ஒரு தாள் குறைஞ்சாலும் வழக்கு, அந்தப் பயத்துலயே நெறைய ஆஸ்பத்திரில வாங்காம விட்டுட்டாங்க, அபின் நம்ம நாட்டுலதான் வெளையுது, மருந்து செய்ய வெளிநாட்டுக்குக்கூடப் போகுது, இங்க ஜனங்க வலியோடயே செத்தாங்க. அன்று மதியம் வசுமதி எழுந்து உட்கார்ந்தாள், ரசம் சோறு கேட்டாள், தலை வாரிவிடு என்றாள், வாரிக்கொண்டே நான் அடக்கமாட்டாமல் அழுதேன், அரை மணி நேரம் போதும்ணே எனக்கு, அரை மணி நேரம் உட்கார்ந்து கொடி ஏறுவதைப் பார்க்க ஒருத்திக்கு வேண்டியிருந்தது, வேகம் உள்ள மருந்து, ஊர்சனம் எல்லாம் நிற்கிற இடத்தில் தானும் போய் உட்கார.

வசுமதி கண்மூடிய பிறகு ததேயுவின் வக்கீலைத் தேடிப் போனேன், உங்களையே சிக்கலில் மாட்டிவிடும் என்று எச்சரித்தார், பரவாயில்லை என்றேன், நான் எழுதிய சொல் தவறு, நான் எழுதாமல் விட்ட சத்தம் ஒரு பெண்ணின் முனகல் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன், மேல்முறையீட்டில் டேப்பைத் திரும்பக் கேட்டார்கள், அறையில் ஒருவரும் இருமவில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார், பயங்கரவாத வழக்கிலிருந்து விடுவித்தார்கள், தூளுக்கான தண்டனையை அதற்குள் அவர் உள்ளேயே கழித்து முடித்திருந்தார், கோப்பில் அவன் என்று எழுதிப் பழகிய எனக்கு வெளியே வந்தவரைப் பார்த்ததும் அவர் என்றுதான் வந்தது. அவர் இப்போது வேறு துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிறார், நான் போனது வேலை இடைவெளியில், சாக்கு விரித்து உட்காரச் சொல்கிறார், ஒங்க குரல் ஞாபகமிருக்குக்கா, கோர்ட்டுல கேட்டது, என்கிறார், கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது, ஆறிப்போய் அடியில் கிடந்தது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தேன் என்கிறேன், அவர் வேறு எதையோ சொல்லத் தொடங்குகிறார், மூணு ஆஸ்பத்திரிக்கி தூக்கிட்டு அலைஞ்சேன்க்கா, மூணுலயும் அந்த மருந்து இல்ல, வச்சுக்க லைசென்ஸ் இல்லேன்னுட்டாங்க, எந்த டாக்டர்ட்டயும் இல்லாதது அந்த அண்ணன்ட்ட இருந்துச்சு, மொதத் தடவ சும்மாவே குடுத்தாரு, மூக்குல லேசா இழுக்கச் சொல்லுடா, தூங்கிருவாண்டாரு, அவ தூங்குனா, பதினாறு நாளைக்கப்புறம் அன்னைக்கித்தான் தூங்குனா, ரெண்டாந்தடவ கேக்கப் போனப்ப, ஒரு பொதி இருக்கு, அக்கரையில போட்டுட்டு வாண்டாரு, போட்டேன், மூணு நடை, அது பொய்யில்ல.

அவர் ஐஸ் உடைக்கிற கம்பியைக் காலிடுக்கில் வைத்து உருட்டுகிறார், நான் வாங்க அலைஞ்சத விக்க நீங்க யாரையும் விடல, அந்த அண்ணன் மட்டும் வித்தாரு, அதான் அவருக்குத் துப்பாக்கி வச்ச ஆளு, இப்ப எட்டு லாஞ்சு, என்கிறார், பிறகு வாசல் பக்கம் கண்ணைக் காட்டுகிறார், திரும்பாதீங்க, பைக்குல ஒருத்தன் ஃபோன் பாத்துக்கிட்டு நிக்கிறானா, வெளிய வந்ததுலருந்து தெனம் அந்த அண்ணன் ஆளு ஒருத்தன் நிப்பான், நான் யார்ட்டப் பேசுறேன்னு பாக்குறதுக்கு. ஏன், எல்லாம்தான் முடிந்துவிட்டதே என்கிறேன். உருகின தண்ணீர் சிமென்ட் ஓடையில் ஓடுகிறது, அவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார், மூணாவது நடைல பொதி கனம்க்கா, தூளு அப்படிக் கனக்காது, வள்ளத்துல வைக்கையில இரும்புல இரும்பு இடிச்ச சத்தம் கேட்டுச்சு, நான் கேக்கல, கேட்டா மருந்து கிடைக்காது, அது எங்க போச்சு, யாரு மேல வெடிச்சுச்சு, தெரியாது, ஒன்பது வருஷம் ஜெயில்ல நெனச்சேன், நான் செய்யாததுக்கு உள்ள இருக்கேனா, செஞ்சதுக்கு இருக்கேனான்னு. பனிக்கட்டிப் புகை தரையில் ஊர்ந்து வருகிறது, அப்படியானால் கோமதிநாயகத்தின் பயம், அப்படியானால் நான் அடித்துவிட்டு எழுதிய அந்தச் சொல், அப்படியானால் என் வாக்குமூலம், எது சரி, எது தவறு, மூன்று ஆஸ்பத்திரிகளில் ஏதோ ஒன்றில் ஒரு வெள்ளை மாத்திரை இருந்திருந்தால் இந்த மனிதர் அந்த இரும்பைத் தூக்கியிருக்கவே மாட்டார், நாங்கள் காவல் காத்த கதவுதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது, இது எந்தக் கோப்பிலும் இல்லை. இதை யார்ட்டயாச்சும் சொல்லிருக்கீங்களா, இல்லக்கா, ஒங்ககிட்டதான், எழுதுவீங்களா, என்கிறார், வெளிய தெரிஞ்சா உங்களுக்கு ஆபத்து, மறுபடியும் பிடிப்பாங்க, இல்லேன்னா அவங்க, என்று நான் வாசலை ஜாடை காட்டுகிறேன், தெரியும், என்கிறார், எங்க ஊருப் பயலுவ இப்ப ஊசி போடுறானுவ, அதே அண்ணன் சரக்குதான், வாயத் தொறக்காம இருந்து யாரக் காப்பாத்துனேன். உள்ளேயிருந்து மேஸ்திரி, ததேயு, பேச்சு போதும்யா, லாரி நிக்குது, என்கிறார், இந்தா வாரேன் என்று எழுகிறார், எழுந்தவர் நிற்கிறார், எழுதுங்க, கனமான பொதிய மறைக்க வேணாம், ஆனா அவளுக்கு வலிச்சதையும் சேத்து எழுதுங்க, முழுசா எழுதுங்க.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன், எப்படி வலித்தது, சொல்லுங்கள் என்றேன், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், பைக்கில் இருந்தவன் இறங்கி எங்களைப் பார்த்து நடந்து வருகிறான், அவர் அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார், மொதல்ல முதுகுலதான்க்கா, துணி துவைக்கையில குனிஞ்சவ நிமிரல, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் சொன்ன சொற்களிலேயே.