தீர்ப்பைத் தள்ளிவைத்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் கிடைத்தது. சொன்னவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. சொன்னது தன் அண்ணியைப் பற்றி. அண்ணியை நான் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது பாருங்கள்.

2

"அவள் வெட்கத்தில் தலை கவிழ்ந்து..." (வேண்டாம். அவள் இன்னும் எதுவும் செய்யவில்லை.)

மறுபடி தொடங்குகிறேன். மாணவி படித்தது இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கிளைத்த இறையியல் பிரிவுகளை. அரபி தெரியாது; மொழிபெயர்ப்பே கதி. பெரும்பாவம் செய்தவன் இன்னும் நம்பிக்கையாளன்தானா என்று அன்று பெரிய சண்டை. கவாரிஜ்கள் என்ற பிரிவினர் அவனை மதத்துக்கு வெளியே தள்ளினார்கள். முர்ஜியாக்கள் என்ற பிரிவினர், அதை இறைவன் பார்த்துக்கொள்வான், நாம் தீர்ப்பைத் தள்ளிவைப்போம் என்றார்கள். இவர்கள்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். இவர்கள் எழுதியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. எதிராளிகளின் ஏச்சிலிருந்துதான் இவர்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.*

* திட்டுகிறவன் வாய்தவறி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அந்த வரிக்குப் பச்சை மையில் கோடு போடுவாளாம்.

3

அண்ணனும் அண்ணியும் பிரிவதென்று ஆனபோது, குழந்தை யாரிடம் என்று முடிவுசெய்ய வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். அண்ணி வந்து சேருவதற்குள் பேச்சு முடிவை நெருங்கிவிட்டது. சித்தப்பா இவளைப் பார்த்தார்.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லும்மா."

"அண்ணன் சொல்றதுல என்ன சந்தேகம் சித்தப்பா? அண்ணிக்குக் குழந்தை மேலயே ஒட்டுதல் கிடையாது."

குழந்தை அண்ணனோடு தங்கிவிட்டது.

4

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து கேள்வி கேட்கலாம். ஏசி குளிரில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் மைக்.

"ஒருத்தரைப் பத்தி அவரோட எதிராளி சொன்னதை மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்ணலை" என்று மார்தட்டி முடித்தாள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அண்ணி.

மாணவிக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம்தான், வேறு பெயர் தேட வேண்டாம்.

5

அண்ணி என்ன கேட்டார்?

(அ) "என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?" நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதியது என்பதுதான் கோளாறு.

(ஆ) முர்ஜியாக்களைப் பற்றி நிஜமாகவே ஒரு சந்தேகம்... (இது என் கோழைத்தனம்.)

கடைசியில் மாணவியிடமே கேட்டேன்.

"அவங்க கேக்கவே இல்லை. நேரமாச்சு, அப்புறம் பேசலாம்னு நான்தான் மைக்கை அணைச்சிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க."

6

அவள் என்னைத் தேடி வந்தது இதற்காகத்தான்.

"அண்ணி ஏதோ கேட்ட மாதிரி நீங்களே எழுதிடுங்க. நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்ட மாதிரி முடிச்சிடுங்க."

"அவங்க இருக்கிற இடம் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்கிட்ட எதுக்கும்மா வந்தே?"

அவள் அழுதாள். என்னாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அவள் கேட்பதற்கு முன்பே அந்த முடிவை எழுதிவைத்திருந்தேன். "அண்ணி மெல்லச் சிரித்து..." என்ற இடத்தில் அடித்துவிட்டேன்.

இந்நேரம் நீங்களும் அண்ணிக்காக ஒரு கேள்வியை மனத்துக்குள் எழுதியிருப்பீர்கள். அதையும் அவர் கேட்கவில்லை.