நரி முகத்தில் முழித்தவர்

ஏலக்காய்த் தரகர் ராக்கையாவுக்கு, விடிந்ததும் நரி முகத்தில் முழித்தால்தான் வியாபாரம் படியும். அதற்காகவே கொல்லையில் கருவாட்டுத் தலைகளைப் போட்டு, மலையில் இருந்த நரிகளையெல்லாம் பழனிசெட்டிபட்டிக்குக் குடியேற்றிவிட்டார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளின் பூனை பாதி வாலோடு வந்து நின்றது. அவள் போட்ட சத்தத்தில் வீரபாண்டிக் கோயில் மணி தானாக ஆடியது.

“எம் பூனை வாலைத் தின்ன நரி, ஒங்களுக்கு லச்சுமியாக்கும்?”

“பூனைய வீட்டுக்குள்ள கட்டிப்போடு ஆத்தா.”

“மொகந்தான வேணும்? இனி எம் மொகத்துலயே முழிங்க.”

மறுநாள் அவர் கொல்லைக் கதவைத் திறந்தபோது நரி இல்லை. விளக்குமாறும் கையுமாகப் பஞ்சம்மாள் நின்றாள். எட்டு நாளும் அப்படியே. ஓர் ஏலக்காய்கூட விற்கவில்லை. ஒன்பதாம் நாள், கருவாட்டுத் தலைகளை அவரே அள்ளிவந்து பூனையின் முன்னால் வைத்தார்.