முப்பத்தெட்டுப் பேரின் விலாசம்

வார்பூர்க் நெருங்கியதும் கொட்வின் கண்ணை மூடிக்கொண்டான். மாநில எல்லையைச் சொல்லும் பலகையைப் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை. பார்க்காவிட்டால் கடக்கவில்லை என்று ஆகிவிடாது. அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டான். திறந்தபோது வயல்கள் அதே வயல்களாகத்தான் இருந்தன. அவன்தான் சட்டத்துக்கு வெளியே வந்திருந்தான்.

பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் பிராங்பேர்ட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்தவர்கள். ஆவணி மாதத்தில் கேவலார் மாதா கோயிலுக்குப் பேருந்து பிடித்துக் கூட்டிப்போகும் ஜேசுரட்ணம்தான் இதையும் பிடித்திருந்தார். இந்தமுறை மாதாவுக்காக அல்ல, யதுசாவுக்காக.

யதுசா மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். பீலெஃபெல்ட்டில் படித்து, அங்கேயே ஒரு சட்டத்தரணியிடம் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு கட்சியிலும் சேர்ந்திருந்தாள். அடுத்த வருடம், 2009இல், நகரசபைத் தேர்தல். அவளுடைய வட்டாரத்தில் கட்சிக்காக யாரை நிறுத்துவது, அவளையா ஒரு பள்ளிக்கூட ஆசிரியரையா என்று தெரியாமல் கிளை இரண்டுபட்டுக் கிடந்தது. உண்மையான தெரிவுக்கு முன் நாடிபிடித்துப் பார்க்க ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் தோற்றவர் பிறகு எழும்புவது கடினம்.

'ஆர்வமுள்ள எல்லோரும் வரலாம்' என்று அழைப்பில் இருந்ததை யதுசாவின் தகப்பன் விஜயரத்தினம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். வாக்களிப்பது அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் மட்டும் என்ற அடுத்த வரியை அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் ஜேசுரட்ணம் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். எண்பத்தைந்தில் அகதி முகாமில் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். சிநேகிதனின் பிள்ளை மேடை ஏறினால் மண்டபத்தை நிரப்பிக்கொடுக்க வேண்டும். அரங்கேற்றம் என்றாலும் கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் அவருக்குத் தெரிந்த உதவி அதுதான்.

கொட்வினின் சட்டைப்பையில் நாலாய் மடித்த ஒரு தாள் இருந்தது. குறுக்கே சிவப்புக்கோடு போட்ட டுல்டுங். நாட்டைவிட்டு அனுப்புவதைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் தாள். ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். பிராங்பேர்ட் இருக்கும் ஹெசன் மாநிலத்தைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. நான்கு வருடத்துக்கு முன் பக்கத்து மாநிலத்து மன்ஹைம் ரயில் நிலையத்தில் ஒருமுறை பிடிபட்டு அபராதம் கட்டியிருந்தான். நீண்டகாலம் இருப்பவர்களுக்கு விசா கொடுக்கும் புதுச் சட்டத்தின் கீழ் அவன் போட்ட அன்ட்ராக், விண்ணப்பம், இப்போது அலுவலகத்தில் கிடந்தது. "முடிவு வரும்வரை எல்லையைத் தாண்ட வேண்டாம். இரண்டாம் முறை என்றால் அது குற்றவழக்கு" என்று வக்கீல் எழுதியே கொடுத்திருந்தார்.

இதை ஜேசுரட்ணத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், அவருடைய பேரப்பிள்ளையின் ஞானஸ்நான வீட்டில், "பத்து வருசமாச்சு, இன்னும் காகிதந்தானோ?" என்று யாரோ சிரித்தபோது, கொட்வின் "விசா கிடைச்சிட்டுது" என்று சொல்லிவிட்டான். ஒரு சொல்தான். ஜேசுரட்ணத்தின் மனைவி கொறற்றி அன்றே மெழுகுதிரி கொளுத்தினாள். அதற்குப் பிறகு, எல்லைக்கு அப்பால் இருந்த கேவலாருக்கு ஒவ்வொரு வருடமும் "வேலை" என்று சொல்லித் தப்பினான். இந்தமுறை ஜேசுரட்ணம் உணவகத்து முதலாளியுடன் தானே பேசி அவனுக்கு லீவு வாங்கிவிட்டார்.

"என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்குது?" கொறற்றி ரோல்ஸ் பெட்டியை நீட்டினாள். "பஸ் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"ஓம் அக்கா, கொஞ்சம்."

"கலியாணத்தைக் கட்டி வையுங்கோ, எல்லாம் ஒத்துக்கொள்ளும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். விசா உள்ள மாப்பிள்ளைக்குப் பொம்பிளைக்கோ பஞ்சம்?" என்றாள் கொறற்றி.

ஜேசுரட்ணம் முன்னால் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டினார். "எல்லாரும் கேளுங்கோ. வாசலில பேரும் விலாசமும் கேப்பாங்களாம், உள்ளூர் விலாசம் எழுதினால் வசதியெண்டு விஜி சொன்னவன். பேர் உங்கட பேர். விலாசம் விஜியின்ர விலாசம். துண்டில எழுதித் தாறன், பாத்து எழுதினாக் காணும்."

"எல்லாருமோ அண்ணை?"

"எல்லாருந்தான்."

"ஒரு வீட்டிலயோ?"

"எண்பத்தஞ்சில ஒரு அறையில பதினொரு பேர் கிடந்தனாங்கள். அப்ப ஒருத்தனும் கேள்வி கேக்கேல்லை."

பேருந்து குலுங்கிச் சிரித்தது. கொட்வினும் சிரித்தான். தன் சிரிப்பின் சத்தம் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

மண்டபம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் மேசை போட்டு கட்சிக்காரர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வைத்தவர்களுக்கு வாக்களிக்க மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். கொட்வினின் முறை வந்தபோது வேறொரு பெயரை எழுதலாமே என்று தோன்றியது. தோன்றி முடிவதற்குள் கை எழுதிவிட்டது. பன்னிரண்டு வருடம் படிவம் நிரப்பிய கைக்கு அவனுடைய முழுப்பெயரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கீழே, லிண்டன் வீதி, பதினேழாம் இலக்கம்.

உள்ளூர்க்காரர் எழுபது பேரளவில் முன்னால் இருந்தார்கள். பின்வரிசைகளைப் பிராங்பேர்ட் நிரப்பியது. யதுசா மேடையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் முதலில் சிரித்தாள். பிறகு எண்ணினாள் போலும். சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த தகப்பனைப் பார்த்தாள். விஜயரத்தினம் பெருமையோடு தலையாட்டினார்.

கிளைத் தலைவர் பிரிங்க்மன் என்பவர். வாக்கெடுப்பு தொடங்கப் போகும் நேரத்தில் வாசல் மேசைக்காரர் வந்து அவர் காதில் எதையோ சொன்னார். பிரிங்க்மன் பட்டியலை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம்.

"லிண்டன் வீதி பதினேழில்" என்றார் மெதுவாக, "முப்பத்தெட்டுப் பேர் வசிக்கிறார்களாம்."

"அது வீடா, கப்பலா?" என்று முன்னாலிருந்த நரைத்த பெண் ஒருத்தி கேட்டாள். சபை சிரித்தது. பின்வரிசைகள் சிரிக்கவில்லை.

"எல்லோரிடமும் அடையாள அட்டையைப் பாருங்கள்" என்றாள் அவள். "தர மறுத்தால் பொலிஸைக் கூப்பிடுங்கள்."

பிரிங்க்மன் கையை உயர்த்தி அமர்த்தினார். "அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெளியிலிருந்து வந்தவர்கள் இருந்தால் இப்போதே கையை உயர்த்தட்டும். சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு விருந்தினராக இருக்கலாம். யாரும் உயர்த்தாவிட்டால், வேறு வழியில்லை, ஒவ்வொருவராக அட்டையைப் பார்த்துத்தான் தொடங்குவோம்."

ஜேசுரட்ணம் உதடு அசையாமல் சொன்னார். "ஒருத்தரும் தூக்கப்படாது. சும்மா வெருட்டிறார். பாக்க மாட்டாங்கள்."

அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ஒருவரும் அசையவில்லை.

கொட்வின் கதவைப் பார்த்தான். கதவடியில் வாசல் மேசைக்காரர் இரண்டு பேரும் நின்றார்கள். எழுந்து போனால் முதலில் அவனைத்தான் மறிப்பார்கள். இருந்தால் அட்டை கேட்பார்கள். அட்டை இல்லை, தாள்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் பொய் விலாசம், களவாய்த் தாண்டிய எல்லை, எல்லாம் ஒரு மேசையில் வந்துவிடும். காட்டாவிட்டால் பொலிஸ். கையைத் தூக்கினால் பிராங்பேர்ட்டிலிருந்து வந்தேன் என்று நூறு பேர் முன்னால் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது ஆகும். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவரும் அதிகாரி இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டால் அட்டைக்கு வேலையும் இல்லை.

யாராவது தூக்குவார்கள் என்று காத்திருந்தான். எல்லோரிடமும் சிவப்பு ஜெர்மன் கடவுச்சீட்டோ நிரந்தர விசாவோ இருந்தது. அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒருவருக்கும் அவசரமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. யாரோ கதிரையை நகர்த்தினார்கள். பிரிங்க்மன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் போட்டார். மேடையில் யதுசா குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காதுகள் சிவந்திருந்தன.

"சரி" என்று பிரிங்க்மன் எழுந்தார். "முதல் வரிசையிலிருந்து..."

கொட்வின் கையைத் தூக்கினான்.

"கையைக் கீழ விடு" என்றார் ஜேசுரட்ணம். அவனுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார். கை இறங்கவில்லை.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"பிராங்பேர்ட்" என்றான். பிரிங்க்மனுக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. "நாங்கள் எல்லோரும் பிராங்பேர்ட்."

பிறகு கொறற்றி, புருசனின் முகத்தைப் பார்க்காமல், கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். கடைசியாக ஜேசுரட்ணத்தின் கை, தோளளவுக்கு மட்டும். மஞ்சள் சீட்டுகளை ஒரு பெட்டியில் வாங்கினார்கள். அட்டையை யாரும் கேட்கவில்லை.

ஆசிரியருக்கு நாற்பத்தொன்று. யதுசாவுக்கு இருபத்தொன்பது.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பேருந்தின் வாசலில் யதுசா நின்றாள், குளிருக்கு மேலங்கி கூடப் போடாமல்.

"யார் மாமா உங்களை வரச் சொன்னது?" என்று ஜேசுரட்ணத்திடம் கேட்டாள். "காலமை வரைக்கும் நான் வெல்லுற நிலையிலதான் இருந்தனான். என்னை நம்பின ஆக்கள் கடைசி நேரத்தில வாக்கை மாத்திப் போட்டினம்."

ஜேசுரட்ணம் தொப்பியைச் சரிசெய்தார். அந்தப் பாரத்தை எங்கேயாவது இறக்கவேண்டியிருந்தது. திரும்பியபோது கொட்வின் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ இதில ஏறாதை."

"அண்ணை..."

"எல்லாரும் பேசாமல் இருக்க நீதானே நீதிமான். ஸ்டேசன் பக்கத்திலதான். ரயிலில போ."

"ரயிலில ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? கையைத் தூக்க ஏலுமெண்டால் ரயிலேறவும் ஏலும்."

கொட்வின் படியிலிருந்து காலை எடுத்தான். எல்லோரும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரிக்காமலே நீட்டினான். ஜேசுரட்ணம் வாசல் வெளிச்சத்தில் விரித்தார். வாசிக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்புக்கோட்டை அவர் அறிவார்.

"இது பழசோ?"

"திகதியைப் பாருங்கோ."

கொறற்றி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்ப விசா?"

"இல்லை அக்கா."

"ரெண்டு வருசமா உனக்குப் பொம்பிளை கேட்டுத் திரியிறன்."

"ஓம் அக்கா."

"இதை வச்சுக்கொண்டோ இவ்வளவு தூரம் வந்தனீ?" ஜேசுரட்ணத்தின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்கள் கூப்பிட்டனீங்கள்."

அவர் தாளை மீண்டும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "உள்ளுக்க என்ன பேர் எழுதினனீ?" என்றார்.

"என்ர பேர்தான்."

ஜேசுரட்ணம் யதுசாவைப் பார்த்தார். இப்போது அவளும் தாளைப் பார்த்துவிட்டாள். இருவரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். கண்ணாடிக் கதவினூடாக ஜேசுரட்ணம் பிரிங்க்மன் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிரிங்க்மன் தலையை இல்லை என்று அசைத்தார். யதுசா பேசினாள். அவர் மீண்டும் அசைத்தார். அவள் மீண்டும் பேசினாள். கொட்வின் திரும்பி நின்றுகொண்டான்.

"பட்டியலை இப்ப தர ஏலாதாம்" என்றாள் யதுசா வந்து. "ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாராம். கூட்டக் குறிப்பு எழுதி முடிச்ச உடன கிழிக்கிறன் எண்டவர்."

"நம்பலாமோ?" என்றார் ஜேசுரட்ணம்.

அவள் பொய் சொல்லவில்லை. "தெரியாது மாமா. நான் பக்கத்தில நிண்டு கிழிக்க வைக்கப் பாக்கிறன்."

ஜேசுரட்ணம் தாளைக் கொட்வினின் கையில் வைத்தார். அவனைப் பார்க்காமலே, "ஏறு" என்றார். ஏறியதும் சாரதிக்குப் பின்னாலிருந்த தன் இருக்கையைக் காட்டி, யன்னல் பக்கம் அல்ல, உள்பக்கம் இருக்கச் சொன்னார்.

பிறகு சாரதியிடம் குனிந்தார். "ஹெசனுக்குள்ள போகும்வரைக்கும் எங்கையும் நிப்பாட்டாதேங்கோ."

"கழிப்பறைக்கு?" என்று சாரதி ஜெர்மனில் கேட்டான்.

"ஒருத்தருக்கும் தேவையில்லை."

"எனக்குத் தேவை" என்றாள் கொறற்றி.

"ஒருத்தருக்கும் தேவையில்லை" என்றார் ஜேசுரட்ணம் மீண்டும். கதவு மூடிக்கொண்டது. வார்பூர்க் எல்லை வரைக்கும் ஒரு மணித்தியாலம் இருந்தது.