வெள்ளிக்கிழமையின் நாற்பது நிமிடம்

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கிணற்றின் பங்குதாரர்கள் இருபத்து மூன்று பேரும் பள்ளிவாசலில் இருந்த நேரம். தொழுகை முடியும்வரை மோட்டார் ஓடக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய தண்ணீர் முறையிலும் சேராது. பாலைவன ஓரத்து ஊரான கெபிலியில் அப்படித்தான்.

மோட்டார் ஓடியிருந்தது.

மறுநாள் காலை, மோட்டார் அறை வாசலில் ஹாஜி பெல்காசெம் கைபேசியை லஸ்ஹரின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கிணற்றுச் சங்கத்தின் தலைவர். லஸ்ஹர் பத்தொன்பது வருடமாக மோட்டார்க்காரன். சாவி அவனிடம்தான்.

"மூணு வெள்ளிக்கிழமைடா. மூணுலயும் நாப்பது நிமிஷம். கூடல, குறையல."

"அந்த நேரத்துல நான் உங்களுக்குப் பின் வரிசையிலதான் உக்காந்திருந்தேன், ஹாஜி."

"தெரியும். உன் குறட்டை இமாமுக்கே கேட்டுச்சு." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நீ இல்ல, சரி. சாவி ஒண்ணுதானே இருக்கு? நாளைக்குக் கூட்டத்துல கேப்பேன். ஆளைச் சொல்லு. இல்லேன்னா சாவிய வெச்சுட்டுப் போ."

போன கோடையில் மோட்டார் சுருள் கருகி, ஒன்பது நாள் தோப்புகள் காய்ந்தன. அதனால்தான் போன மாதம் காபெஸ் நகரத்திலிருந்து ரம்ஸி என்ற பையனை வரவழைத்து சென்சார் மாட்டினார்கள். வளையல் அளவில் வெள்ளை வளையம். மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொண்டு, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காற்றிலேயே கைபேசிக்கு அனுப்பும். முதல் நாளே ஊரில் அதற்குக் காப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாட்டியது லஸ்ஹர்தான். ஒரு கம்பி விட்டுப்போனால் அளவு அரைகுறையாகிவிடும் என்று மூன்று கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துக் காப்புக்குள் நுழைத்தான். மோட்டார் இரைந்தது. கைபேசி சைபர் காட்டியது.

ரம்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, மூணையும் சேத்துப் பிடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஒத்தைக் கம்பியைப் பிடிங்க."

அன்று சாப்பிடும்போது இதை மனைவி ஸால்ஹாவிடம் சொன்னான். "எங்க அண்ணனுங்க மூணு பேரையும் சேத்த மாதிரி" என்று அவள் சிரித்தாள்.

இப்போது நீட்டிய கைபேசியில் ஹாஜி நேரத்தை மட்டுமே பார்த்தார். லஸ்ஹர் அதற்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தான். முப்பத்தொன்று. தாழ்ந்த தோப்புகளுக்குத் தண்ணீர் போகும்போது முப்பத்தெட்டு ஆம்பியர் ஓடும். மேட்டுக் கோடி வால்வைத் திறந்தால் மட்டும் முப்பத்தொன்று. தண்ணீர் ஏறத் திணறும், வரத்து குறையும், கரண்டும் இறங்கும். மேட்டுக் கோடியில் ஒரே ஒரு தோப்பு. அவன் மச்சான்களுடையது.

ஹாஜி போன பிறகு மேட்டுக்கு நடந்தான்.

மச்சான்களின் முறை திங்கட்கிழமை. பாத்திகள் வெடித்துக் கிடந்தன. வேலியோரம் நான்கு பேரீச்சை மரங்களின் அடியில் மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. ஸால்ஹா பிறந்த வருடம் அவள் அப்பா நட்டவை. பாத்தியின் கரை மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழப்பாக்கப்பட்டிருந்தது. அவன் வீட்டு வாசலில் இருக்கும் புதினாப் பாத்தியின் கரையும் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மோட்டாரை நிறுத்தி, வீட்டுக்கு வந்து குளித்து, சாவியைக் கதவோர ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தொழப் போவான்.

ஸால்ஹா கோதுமை ரவைக் குஸ்குஸை ஆவியில் வைத்திருந்தாள். அவன் செருப்பில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தாள்.

"மேட்டுக்குப் போனீங்களா?"

"எத்தனை நாளா?"

"அப்பா போனதிலிருந்து. ஏழு வருஷம்."

அவன் உட்கார்ந்தான். "உங்க அண்ணனுங்க பாக்கலையா?"

"திங்கட்கிழமை தவிர அவங்க எந்த நாளு தோப்புப் பக்கம் வந்தாங்க?"

"காப்பு மாட்டியிருக்குன்னு தெரியும்ல?"

"மோட்டார் கருகாம இருக்கறதுக்குன்னுதானே சொன்னீங்க. ஆளைக் காட்டிக் கொடுக்கும்னு சொன்னீங்களா?"

"அது என்ன நாப்பது நிமிஷம்?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "அப்பாவோட முறை நாலு மணி நாப்பது நிமிஷம். நம்ம மார்க்கத்துல ஆம்பளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளைக்கு ஒண்ணு. மூணு அண்ணன், நான் ஒருத்தி. ஏழாப் பிரிச்சுப் பாருங்க."

அவன் விரல் விட்டு எண்ணினான். நாற்பது வந்தது.

"அண்ணனுங்க மூணாப் பிரிச்சுக்கிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன். இங்க எந்தப் பொம்பளை வாங்கியிருக்கா? ஆனா கேக்கணும்ல?"

"தண்ணி எல்லாரோடதும், ஸால்ஹா."

"அதனாலதான் யார் முறையிலயும் கை வைக்கல. தொழுகை நேரம் யாரோடது?"

குஸ்குஸ் பானையின் மூடி துடித்தது. நாளைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னான். சாவியைப் பற்றியும் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஒரு வழி இருக்கு" என்றான். "காலையில சீக்கிரமாப் போயி மூணு கம்பியையும் காப்புக்குள்ள போட்டுடறேன். கூட்டத்துல ஹாஜியையே கூப்பிட்டு மோட்டாரைப் போடச் சொல்றேன். கண்ணு முன்னாடி மோட்டார் ஓடும், ஃபோன்ல சைபர் காட்டும். ஓடும்போது ஓடலங்குற காப்பு, ஓடாதப்ப ஓடுச்சுன்னு சொல்லாதான்னு கேக்கறேன். கழட்டிடுவாங்க. ரம்ஸி வந்து பாக்க ஒரு மாசம் ஆகும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ விடாதே. உன் பேரு வெளிய வராது. சாவியும் போகாது."

அவள் தட்டை எடுத்து அவன் முன் வைத்தாள். குஸ்குஸைக் குவித்தாள். நடுவில் குழி செய்து பூசணியும் கடலையும் ஊற்றினாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"ஏழு வருஷத்துல அந்தக் காப்பு ஒண்ணுதான் எனக்கும் பங்கு இருக்குன்னு எழுதி வெச்சிருக்கு" என்றாள். "அதையும் சைபர் ஆக்கணுமா?"

"நான் சாவிக்காகச் சொல்றேன்."

"தெரியும்."

லஸ்ஹர் கரண்டியை எடுத்தான். திரும்பக் கீழே வைத்தான். ஆணியில் சாவி தொங்கியது.

"கூட்டத்துக்குப் பொம்பளைங்க வர முடியாது" என்றாள் ஸால்ஹா. "எங்க அண்ணனுங்க மூணு பேரும் முன்னாடிதான் உக்காந்திருப்பாங்க. என் பேரைச் சொல்லிட்டு, ஏழாப் பிரிச்சதையும் உங்க வாயால சொல்வீங்களா?"