அடுப்படி அறைப் பிள்ளைகள்

ஆனி பிறந்ததும் குற்றாலத்து மலையில் சாரல் இறங்கிவிட்டது. தென்காசியில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்ட தங்கபுஷ்பம் டீச்சர், வருஷாவருஷம் செய்கிறபடி அடுப்படிக்கு அடுத்த அறையின் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தாள். சுரண்டையிலிருந்தும் வடகரையிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகள். ஊதக்காற்றில் கிடந்து இருமினால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? அடுப்பின் கணகணப்பு இருக்குமே என்று சின்னப் பிள்ளைகளை எல்லாம் அந்த அறையிலேயே படுக்கவைத்தாள். பாயின் மேல் பாய் ஏறிக் கிடக்கும். இரண்டு பேருக்கு ஒரு போர்வை.

ஆடியில் அந்த அறையில் படுத்த முப்பிடாதி என்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விடிவதற்குள் கழுத்து விறைத்துப்போய், வெளிச்சம் பட்டாலே முனகினாள். தங்கபுஷ்பம் வில்வண்டி பிடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். புதிதாக வந்திருந்த மாத்திரையைப் பொடித்துப் புகட்டினார்கள்.

சுகாதார இலாகாவிலிருந்து டாக்டர் தில்லைநாயகம் விடுதிக்கு வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கம்பியில் சுற்றிய பஞ்சால் ஒவ்வொருத்தி தொண்டையையும் தடவி எடுத்தார். அந்தக் கிருமி குளிர் தாங்காதாம். பஞ்சைத் தேய்த்த கண்ணாடித் தட்டுகளை வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே பெட்டியில் அடுக்கினார். பிள்ளைகள் பயந்து பின்வாங்கியபோது தங்கபுஷ்பம் தானே முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினாள்.

அவர் திரும்ப வந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சீக்கில்லாத பிள்ளைங்க தொண்டையிலயும் கிருமி இருக்கும்மா. அதுகளுக்கு ஒண்ணும் செய்யாது. கொஞ்ச நாள்ல தானாப் போயிரும். ஆனா இருமுனா, தும்முனா பக்கத்துல படுக்கிறவளுக்கு ஒட்டும். பெரிய பிள்ளைங்க அறையில ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. அடுப்படி அறையிலதான் பாதிப் பேருக்கு.”

“அங்கன மட்டும் ஏன் சார்?”

“நெருக்கம். அடைச்ச ஜன்னல், புகை, தீராத சளி. எல்லாம் சேந்துக்கிடுது.” குரலைத் தாழ்த்தினார். “உங்க தொண்டையிலயும் இருக்கு.”

தங்கபுஷ்பம் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். ஒரு கரகரப்பும் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கடப்பாரையை எடுத்துப் பலகைகளைப் பெயர்த்தாள். பாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கு மாற்றினாள். பாய்க்கும் பாய்க்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகலாம். தண்ணீர்ச் செம்பும் ஆளுக்கு ஒன்றானது. பிள்ளைகள் குளிருக்குச் சுருண்டு படுத்தார்கள். அவள் வீடுவீடாகப் போய்ப் பழைய போர்வைகள் கேட்டு வாங்கி வந்தாள்.

முப்பிடாதியோடு ஒரே போர்வையில் படுத்திருந்தவள் இசக்கி. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தாள். சாப்பாட்டுத் தட்டோடு தனியே போய் உட்கார்ந்தாள்.

முப்பிடாதியின் தகப்பன் மாடக்கண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். வேகமாக நடந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“எந்தப் பிள்ளைட்ட இருந்து எம் மவளுக்கு ஒட்டிச்சு? பேரைச் சொல்லுங்க டீச்சரம்மா.”

கதவுக்குப் பின்னால் இசக்கி நிற்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது.

“பேரைக் கேட்டு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி? என் தொண்டையிலயும் அது இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. உங்க மவளுக்குத் தெனமும் தலைவாரி விட்டது நாந்தான். ஜன்னலை அடைச்சதும் நாந்தான். என்ன கேக்கணுமோ என்னயக் கேளுங்க.”

மாடக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார்.

“காலையில கஞ்சி கேட்டா. இடது காதுதான் கேக்க மாட்டேங்குது,” என்றார்.

அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போனார். அவள் கதவை விலக்கியபோது பின்னால் இசக்கி அழுதுகொண்டிருந்தாள். “ஏட்டி, வாயில இருந்து துணிய எடு. மூச்சு முட்டும்,” என்றாள் தங்கபுஷ்பம்.

அதற்குப் பிறகு விடுதியில் யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஆவணிக் கடைசியில் முப்பிடாதி மெலிந்துபோய்த் திரும்பி வந்தாள். இசக்கிக்கு அடுத்த இடத்தில்தான் படுப்பேன் என்று பாயைக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று தங்கபுஷ்பம் சொல்லவில்லை; நடுவில் நடக்க வழி விடச் சொன்னாள்.

முப்பிடாதி, கேட்கிற காது இசக்கி பக்கம் இருக்கும்படி தலைமாட்டை மாற்றிப் போட்டுப் படுத்தாள். இருவரும் விளக்கை அணைக்கிறவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.