பூவரசடியில் நின்ற பவுசர்

இலட்சுமிப்பிள்ளை வரிசைக்கே வருவதில்லை. ஆனாலும் அவளுடைய குடம் மட்டும் தினமும் நிறைந்து போவது எப்படி? மூன்று நாளாக வசந்தாதேவிக்கு இது பிடிபடவில்லை.

கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு மாதம். தன்னாமுனை வாவிக்கரை முகாமில் இருந்த ஒரே கிணறு உவர். காலையில் வரும் தண்ணீர்ப் பவுசர் லொறியை நம்பித்தான் எல்லாரும் இருந்தார்கள். அது வாவியைப் பார்த்த சரிவில் மூக்குக் கீழாக இறங்கி நிற்கும். நிற்பதற்கு முன்பே பெண்கள் ஓடிப்போய்ப் பின்பக்கக் குழாயை மொய்த்துவிடுவார்கள். வசந்தாதேவியும் முழங்கையால் இடித்துக்கொண்டுதான் ஓடினாள். கூடாரத்தில் மகள் மேனுகாவுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். காய்ச்சி ஆறிய தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். இன்றும் அரைக்குடத்தோடு குழாய் கக்கி நின்றது.

"முடிஞ்சிட்டு," என்றார் சாரதி முகைதீன்பாவா.

பவுசர் திரும்பி மேட்டில் ஏறியது. பாதி ஏற்றத்தில், பூவரசடியில், குடத்தோடு இலட்சுமிப்பிள்ளை. பவுசர் அங்கே நின்றது. இவளுக்கென்று ஒளித்து வைக்கிறான்! பதிலுக்கு என்ன வாங்குகிறானோ? இன்றைக்கே முகாம் அதிகாரியிடம் சொல்லி இவனை மாற்ற வேண்டும். வசந்தாதேவி அரைக்குடத்தோடு மூச்சிரைக்க ஏறினாள்.

"என்னகா, சோடி நல்லாத்தான் இரிக்கி! எங்களுக்கு முடிஞ்ச தண்ணி உனக்கு மட்டும் எங்கயிருந்து வருகுது?"

இலட்சுமிப்பிள்ளை தன் குடத்தை நகர்த்தி, வசந்தாதேவியின் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள். வற்றிப்போன குழாய் கொட்டியது.

"கீழ நிக்கக்குள்ள மூக்குத் தாழ்வு. மிச்சத் தண்ணி முன்னுக்குப் போயிரும், குழாய் பின்னுக்கு. இஞ்ச ஏறக்குள்ள தண்ணி திரும்பிக் குழாய்க்கு வருகுது. கடையில மண்ணெண்ணெய்ப் பீப்பா சரிச்சு ஊத்தினவள் நான், எனக்குத் தெரியாதா?"

"மறுகா ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"சொன்னனே. ஓடுற ஆக்களுக்குக் காது கேக்குமா?"

வசந்தாதேவி சாரதியிடம் திரும்பினாள். "அப்ப முகைதீன்பாவா நானா, பின்பக்கமா இறக்கலாமே?"

"இறக்கலாம் தங்கச்சி. நீங்க பின்னுக்கு ஓடி வாறீங்களே, ஆர நசுக்கச் சொல்றீங்க?"

மறுநாள், குடங்களை மட்டும் சரிவின் அடியில் வைத்துவிட்டு எல்லாரையும் பூவரசடிக்கு வரச் சொன்னாள் வசந்தாதேவி.

"நீ முதல்ல எடுக்கத்தானே இந்த ஆட்டம்?" என்றாள் ஒருத்தி.

வசந்தாதேவி தன் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருத்தி ஓடினால் போதும், எல்லாம் போச்சு. அவளுடைய சொந்தக் கால்தான் இரண்டு தரம் முன்னே போனது.

பவுசர் பின்பக்கமாக மெல்ல இறங்கியது. இப்போது குழாய் பள்ளத்தில் இருந்தது. தாங்கியில் இருந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தது. கடைசிக் குடமும் நிறைந்த பிறகுதான் குழாய் கக்கியது.