மாமனார் இழுத்த யூனிட்டுகள்

1

இந்தக் கதை ஒரு மின்கட்டண ரசீதிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொகை இரண்டு மடங்காகியிருந்தது. உடனே பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். பணத்துக்காக என்று எழுதினால் கதாநாயகன் அற்பனாகத் தெரிவான். (கதாநாயகன் நான்தான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "துருவத்தில் ஒரு பனிப்பாறை உருகிக்கொண்டிருந்தபோது, எங்கள் சமையலறையில் மிக்ஸி…" வேண்டாம். மனைவி படித்துவிடுவாள்.

இரண்டாம் முயற்சி: பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். எந்தச் சாதனம் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று காட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் வைத்தேன். ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணால் பெருக்கினால், எத்தனை கிலோ கரியமில வாயு என்று வந்துவிடும். பட்டியலை வண்ணத்தில் அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதலிடம்: மாமனார் அறை, ஆக்சிஜன் மெஷின்.

(முப்பது வருடம் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அவர் மூக்குக்குத் தருகிற மெஷின் அது. இதை அடிக்குறிப்பாகப் போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.)

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கொரு சந்தேகம். பட்டியலைப் படித்ததும் மாமனார் கோபப்பட்டிருக்க வேண்டும். கதைக்கு மோதல் வேண்டாமா? மனுஷன், "நல்லா போட்டிருக்கீங்க மாப்ளே, கலரெல்லாம் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தாள். மெஷின் நின்றிருந்தது. கட்டில் ஓரத்தில் அவர் உதடு நீலம்பாரித்து உட்கார்ந்திருந்தார். மெஷினைப் போட்டுவிட்டு, அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். எண்பத்திரண்டு. தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏம்ப்பா ஆஃப் பண்ணீங்க?"

"தினம் ரெண்டு மணி நேரந்தாம்மா. முதல் இடத்துலேர்ந்து இறங்கிடலாம்னு பார்த்தேன்."

அவள் நேராக என் எழுத்தறைக்கு வந்தாள். ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. (ரசீது இரட்டித்த மாதம்தான் அதை மாட்டினேன். சொல்ல மறந்துவிட்டேன்.)

"இது லிஸ்ட்ல எங்க?"

"அது நேரா சுவத்துல வயர் பண்ணது. பிளக் கிடையாது. மீட்டரைச் செருக முடியாது" என்றேன், அறிவியல்பூர்வமாக.

"அப்ப உங்க கதைக்கு மட்டும் புகையே வராதா?"

4

முடிவு அ: கதாநாயகன் மாமனாரின் காலில் விழுந்து… [வெட்டிவிட்டேன். விழவில்லை. ஏசியை நிறுத்தியது உண்மை. வியர்த்துக்கொண்டு எழுதுவதை எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன்.]

முடிவு ஆ: பட்டியல் கிழிக்கப்படுகிறது. கிழித்தேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இப்போதெல்லாம் மெஷினைப் போடுவதற்கு முன் மாமனார் என் அறை வாசலுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்:

"போட்டுக்கட்டுமா மாப்ளே?"

"போடுங்க மாமா" என்று எழுதிப் பார்த்தேன். அவர் மூச்சுக்கு அனுமதி கொடுக்கிறவன் ஆகிவிடுகிறேன். "என்னை எதுக்குக் கேக்குறீங்க" என்று மாற்றினேன். எரிந்து விழுகிற மாதிரி இருக்கிறது. என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.